குழந்தை எந்த வயது வரை குழந்தை?
வரிச் சலுகைகளிலும் குடும்ப உதவிகளிலும் வயது வரம்பு

வீட்டில் ஒரு குழந்தை பிறந்தால் குடும்பத்தின் செலவு பெருகும் என்பதை அறியாத அரசு எந்நாட்டிலும் இல்லை. ஆகவே பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோருக்கு ஏதேனும் ஒரு வகையில் கை கொடுப்பதை அரசுகள் தம் கடமையாகக் கொண்டுள்ளன. சில அரசுகள் பெற்றோர் செலுத்த வேண்டிய வரியைக் குறைக்கின்றன; சில நேராகவே பணம் தருகின்றன; சில சேமிப்பிற்கு வட்டி கூட்டித் தருகின்றன. வழி எதுவாயினும், சட்டம் எழுதுவோர் ஒரு கேள்விக்கு விடை கூறியே ஆகவேண்டும். குழந்தை எந்த வயது வரை குழந்தை? பெற்ற தாய்க்கு இக்கேள்வி எழுவதில்லை. சட்டத்திற்கோ ஒரு நாளைக் குறித்துக் கோடு கிழித்தாக வேண்டும். அக்கோட்டிற்கு இப்பால் இருப்பவர்க்கு உதவி உண்டு. ஒரு நாள் அப்பால் சென்றவர்க்கு இல்லை. நம் ஊராட்சிகளில் ஆண்டுதோறும் சில குடும்பங்கள் அந்த ஒரு நாளால் இழப்பதை நாம் காண்பதாலேயே இதனை எழுத முற்பட்டோம்.

பிற நாட்டார் இக்கோட்டை எங்கே கிழித்துள்ளனர் என்பதை முதலில் சுருக்கமாகப் பார்ப்போம். அமெரிக்காவில் குழந்தைக்கென வழங்கும் வரிக்கழிவு, ஆண்டின் முடிவில் 17 வயது நிறையாத பிள்ளைக்கே உரியது. ஆயினும் அதே பிள்ளையைப் ‘பெற்றோரைச் சார்ந்தவர்’ எனக் கணக்கிற் காட்டி வேறு சலுகை பெற வேண்டுமாயின் வரம்பு 19 வயது. அவர் முழுநேர மாணவராயின் 24 வயது. நிரந்தர உடற்குறை உடையவராயின் வயது வரம்பே இல்லை. ஆஸ்திரேலியாவில் குடும்ப வரி உதவி என்றே பெயரிட்டு ஒரு தொகை தருகின்றனர். அது 15 வயது வரையில் இயல்பாகக் கிடைக்கும். அதற்கு மேல் 19 வயது வரை, பிள்ளை மேல்நிலைப் படிப்பில் முழுநேரம் இருந்தால்தான் தொடரும். வயது, படிப்பு, உடற்குறை என்ற மூன்று அளவுகோல்களை இவற்றிற் காண்கிறோம். நம் நாட்டுச் சட்டங்களிலும் இம்மூன்றே வெவ்வேறு அளவில் கலந்து வருகின்றன.

நம் நாட்டு வருமான வரியில் பிள்ளைகளின் தலையை எண்ணிச் சலுகை கொடுத்த காலம் ஒன்று உண்டு. 1957ஆம் ஆண்டில், தி. த. கிருஷ்ணமாச்சாரி அவர்கள் மத்திய நிதியமைச்சராக இருந்தபொழுது, ஒரு குழந்தைக்கு ரூ. 300 வீதம் இரண்டு குழந்தைகள் வரையில் வரியற்ற தொகை கூட்டிக் கொடுக்கப்பட்டது. அம்முறை இன்று இல்லை. இன்று பிள்ளையின் பெயரால் கிடைக்கும் வரிச் சலுகைகள் சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றிற்கும் எல்லை வேறு. பள்ளி, கல்லூரிகளுக்குச் செலுத்தும் கல்விக் கட்டணத்திற்குரிய கழிவுக்கு வயது எல்லை கிடையாது. இரண்டு பிள்ளைகள் என்ற எண்ணிக்கை எல்லையே உண்டு. மாற்றுத்திறன் உடைய பிள்ளையைப் பேணுவோர்க்கு உரிய கழிவுக்கும் வயது எல்லை இல்லை; குறைபாட்டின் அளவிற்கேற்ப ரூ. 75,000 அல்லது ரூ. 1,25,000 கழித்துக்கொள்ளலாம். ஆனால் பழைய வரி முறையைத் தேர்ந்துகொண்டவர்க்கே இக்கழிவுகள் உண்டு என்பதை மறக்கலாகாது. குறைந்த விகிதமுள்ள புதிய முறையை மேற்கொண்டவர் இவற்றைக் கேட்க முடியாது.

பிள்ளையின் பெயரில் வருமானம் வந்தால் 18 வயது முக்கியமாகிறது. வங்கியில் மகன் பெயரில் பணம் போட்டுவிட்டால் வட்டிக்கு வரியில்லை எனச் சிலர் எண்ணுகின்றனர். அது தவறு. 1992ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் முதற்கொண்டு, 18 வயது நிறையாத பிள்ளையின் வருமானம், தாய் தந்தையருள் எவர் வருமானம் அதிகமோ அவர் கணக்கில் சேர்க்கப்படுகிறது. அப்பிள்ளை தன் உடலுழைப்பாலோ தனித்திறமையாலோ ஈட்டிய பொருள் மட்டும் அவ்வாறு சேராது. 18 வயது நிறைந்த நாள் முதல் அவர் தனி மனிதர். அவர் கணக்கும் தனி.

‘உழவனுக்கு ஏது வருமான வரி? இதையெல்லாம் எமக்கு ஏன் சொல்கிறீர்?’ என்று கேட்போர் உண்டு. விவசாய வருமானத்திற்கு மத்திய அரசின் வருமான வரி இல்லை என்பது மெய்யே. ஆயினும் இன்றைய கிராமத்தில் உழவர் மட்டுமா வாழ்கின்றனர்? ஆசிரியை, செவிலி, பேருந்து நடத்துநர், நூற்பாலை மேற்பார்வையாளர் ஆகியோரும் அதே தெருவில் இருக்கின்றனர். மேலும், வரிச் சலுகைக்கென வகுத்த திட்டங்களுள் ஒன்று, வரியே கட்டாத கூலித் தொழிலாளிக்கும் அதே வட்டியைத் தருகிறது. அதனைச் சற்று விரிவாகவே கூறுவோம்.

2015 ஜனவரி 22ஆம் நாள் மத்திய அரசு தொடங்கியதும், நம் மாநிலத்தில் ‘செல்வமகள் சேமிப்புத் திட்டம்’ என வழங்குவதுமான திட்டமே அது. பெண் குழந்தையின் பெயரில் அஞ்சலகத்திலோ வங்கியிலோ ரூ. 250 செலுத்திக் கணக்குத் தொடங்கலாம். ஆண்டுக்குக் குறைந்தது ரூ. 250, மிகுந்தால் ரூ. 1,50,000 செலுத்தலாம். ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்களுக்கு உண்டு; இரட்டைப் பிறவி நேர்ந்தால் மூன்றாமவர்க்கும் இடமளிக்கின்றனர். பழைய முறையில் வரி செலுத்துவோர்க்குக் கட்டிய தொகைக்குக் கழிவு உண்டு. வட்டிக்கும் முதிர்வுத் தொகைக்கும் எவர்க்கும் வரியில்லை. வட்டி விகிதத்தை மூன்று மாதங்களுக்கு ஒரு முறை அரசு அறிவிக்கும்; 2024 ஜனவரியில் அது 8.2 சதவீதமாக உயர்த்தப்பட்டது.

இத்திட்டத்தில் 10, 18, 21 என்று மூன்று எண்கள் வருகின்றன. மூன்றையும் மக்கள் குழப்பிக்கொள்கின்றனர். கணக்குத் தொடங்கும் நாளில் பெண்ணுக்கு 10 வயது நிறைந்திருக்கலாகாது. 18 வயது நிறைந்தாலோ, அதற்குமுன் பத்தாம் வகுப்புத் தேறினாலோ, மேற்படிப்பிற்கென இருப்பில் பாதி வரையில் எடுக்கலாம். 18 வயதிற்குமேல் கணக்கைப் பெண்ணே நடத்த வேண்டும். திருமணத்தின் பொருட்டு முன்னதாக முடித்துக்கொள்ளவும் அப்பொழுது இயலும். 21 என்பதோ பெண்ணின் வயதன்று. கணக்குத் தொடங்கிய நாளிலிருந்து எண்ணும் ஆண்டு. பிறந்த உடனே தொடங்கினால் பெண்ணின் 21ஆம் வயதில் முதிரும். ஒன்பதாம் வயதில் தொடங்கினால் முப்பதாம் வயதில்தான் முதிரும். பணம் கட்ட வேண்டியது முதல் 15 ஆண்டுகளுக்கே. அஞ்சலகத்தார் இதனை எடுத்துச் சொல்லாமலில்லை. ஆயினும் ‘இருபத்தொன்றில் கைக்கு வரும்’ என்ற பேச்சே ஊரில் நிலைத்துவிட்டது.

பத்து வயது நிறைவு என்ற சொல்லிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 2024 சித்திரையில் ஓர் ஊராட்சிக்கு நாம் பார்வையிடச் சென்றிருந்தபொழுது, பேத்தியைக் கையிற் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு மூதாட்டியிடம் இக்கணக்கைப் பற்றிக் கேட்டோம். ‘அதெல்லாம் கடந்து போச்சுங்க ஐயா. இவளுக்குப் பத்து நடக்குது’ என்றார். நடக்கிறது என்பதே அவர் சொன்ன சொல். கிராமத்து வழக்கில் ‘பத்து நடக்கிறது’ என்றால் ஒன்பது முடிந்து பத்தாவது ஆண்டு ஓடுகிறது என்றே பொருள். சட்டமோ முடிந்த ஆண்டையே எண்ணுகிறது. பிறந்த நாளைக் கேட்டோம். ஆடிப் பெருக்கிற்குப் பத்து நாள் கழித்து என்றார். மருத்துவமனைச் சீட்டைத் தேடி எடுத்தபொழுது 2014 ஆகஸ்டு 14 எனக் கண்டோம். இன்னும் நான்கு மாதம் இருந்தது! ‘அப்போ நானே நாளைக்குப் போய்ப் போட்டுடறேங்க’ என்றார் அம்மூதாட்டி. அதுவும் இயலாது. பெற்றோரோ சட்டப்படி அமைந்த காப்பாளரோதான் கணக்குத் தொடங்க வேண்டும். பாட்டனார் பாட்டியார் தொடங்கிய பழைய கணக்குகளையும் பெற்றோர் பெயருக்கு மாற்றுமாறு 2024இல் அரசு ஆணையிட்டது. பெண்ணின் தாய் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார். அவர் மே மாத விடுமுறையில் வந்து கணக்கைத் திறந்தார்.

நிறைவு என்பது எந்த நொடியில் என்பதற்கும் நம் நாட்டில் பழைய விதி ஒன்று உண்டு. 1875ஆம் ஆண்டின் பருவமடைவுச் சட்டம், பிறந்த நாளை முழு நாளாகக் கணக்கிட்டு, பதினெட்டாவது ஆண்டு திரும்பும் அந்நாள் தொடங்கும்பொழுதே ஒருவர் உரிய வயதை அடைகிறார் எனக் கூறுகிறது. மாலையில் பிறந்தேன், மாலை வரை எனக்கு வயது நிறையவில்லை என வாதிட முடியாது. ஆகவே பிறந்த நாள் வரையில் காத்திராமல், அதற்கு முன்னாளுக்குள் காரியத்தை முடிப்பதே தக்கது.

இனி, ஒரு பிழையைக் கூறுகிறோம். நம் மாநிலத்தின் பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டத்தில், ஒரே பெண் குழந்தை உள்ள ஏழைக் குடும்பத்திற்கு ரூ. 50,000மும், இரண்டும் பெண்ணாயின் ஒவ்வொருவர்க்கும் ரூ. 25,000மும் அரசு வைப்பீடு செய்கிறது. பெற்றோருள் ஒருவர் குடும்பநல அறுவைச் சிகிச்சை செய்துகொண்டிருக்க வேண்டும். ஆண் மகவு இருத்தலாகாது. பெண்ணுக்கு 18 வயது நிறைந்த பின் வட்டியுடன் தொகை கிடைக்கும். இங்கே நாம் கருத வேண்டியது விண்ணப்பிக்கும் வரம்பு. குழந்தைக்கு மூன்று வயது நிறைவதற்குள் விண்ணப்பம் வந்து சேர வேண்டும். இரு பெண்களாயின் இளையவளின் வயதே கணக்கு.

கூலி வேலை செய்யும் ஒரு தம்பதியர் இரண்டாம் பெண்ணுக்கு மூன்று வயது நிறைந்து பதினொரு நாள் கழித்து நம் அலுவலகத்திற்கு வந்தனர். அவர்கள் சோம்பியிருக்கவில்லை. எட்டு மாதமாகப் பிறப்புச் சான்றுக்கு அலைந்துள்ளனர். பிரசவம் தாய்வீட்டில், வேறு மாவட்டத்தில் நடந்தது. பிறப்பு எங்கே நிகழ்ந்ததோ அங்குள்ள பதிவேட்டில்தான் அது பதியப்படும். குடியிருக்கும் ஊரில் பதியப்படுவதில்லை. இதனை அறியாத தந்தை தம் ஊரின் கிராம நிர்வாக அலுவலரிடமே பலமுறை சென்று, ‘பதிவில் இல்லை’ என்ற விடை பெற்றுத் திரும்பியுள்ளார். எங்கே தேட வேண்டும் என்று ஒருவரும் அவர்க்குக் கூறவில்லை. அவ்வெட்டு மாதத்தில் இருமுறை நம் ஒன்றிய அலுவலகத்திற்கும் வந்து சென்றதாக அவர் கூறினார். நம்மவரும் ‘சான்றுடன் வாருங்கள்’ என்று மட்டுமே சொல்லி அனுப்பியுள்ளனர். இரண்டு பெண்களுக்கும் சேர்த்து ரூ. 50,000 அக்குடும்பத்திற்கு இல்லாமற் போயிற்று. விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தது நம் அலுவலகமே. விதியின்படி அது சரி. அவ்விருமுறை வந்தபொழுது வாய் திறந்து ஒரு சொல் கூறாதது சரியன்று.

பிள்ளை வளர்ந்த பின் வரும் வரம்புகள் வேறு வகையின. நூற்பாலை போன்ற தொழிலகங்களில் பணியாற்றி இறந்தவரின் குடும்பத்திற்கு, 1995 நவம்பர் 16 முதல் நடைமுறையிலுள்ள ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தின்கீழ், மனைவிக்கு ஓய்வூதியம் உண்டு. அதனுடன் பிள்ளைகளுள் ஒரே சமயத்தில் இருவருக்கு, தாய் பெறும் தொகையில் கால் பங்கு வீதம் 25 வயது வரை கிடைக்கும். குறைந்த அளவு மாதம் ரூ. 250. மூத்தவர் 25ஐக் கடந்ததும் அவரது இடம் அடுத்த பிள்ளைக்குச் செல்லும். தாய் தந்தை இருவரையும் இழந்த பிள்ளைக்குப் பங்கு முக்கால். குறைந்த அளவு ரூ. 750. நிரந்தரமான முழு உடற்குறை உடைய பிள்ளைக்கு ஆயுள் முழுதும் உண்டு. மூன்றாம் பிள்ளை காத்திருக்கிறது என்பதைப் பல தாய்மார் அறியார். மூத்தவனுக்கு நின்றதும் எல்லாம் நின்றதென்று கருதிவிடுகின்றனர். தொழிலாளர் ஈட்டுறுதியில் மருத்துவ உதவிக்கு, சம்பாதிக்காமல் படிக்கும் பிள்ளைக்கு 21 வயது எல்லை. வேலையில் நேர்ந்த காயத்தால் தொழிலாளி இறந்தால் மகனுக்குரிய உதவி 25 வயது வரை, மகளுக்கோ திருமணம் வரை.

ஒரு பிள்ளையே ஒரு திட்டத்தில் 3 வயதிலும், மற்றொன்றில் 10 வயதிலும், இன்னொன்றில் 18லும், வேறொன்றில் 25லும் கோட்டைத் தாண்டுகிறது. இதனை ஒழுங்கின்மை என்று குறை கூறுவோர் உளர். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. சேமிப்பு சிறு வயதிலேயே தொடங்கினால்தான் பெருகும்; தந்தையை இழந்தவன் படித்து வேலை தேடும் வரையில் தாங்கல் வேண்டும். நோக்கம் வேறாகும்பொழுது வரம்பும் வேறாதல் இயல்பே. குறை வரம்பிலன்று, பிறந்த தேதியை நாம் வைத்திருக்கும் விதத்தில்தான் இருக்கிறது.

நம் ஊர்களில் நடுத்தர வயதினர் பலரின் பிறந்த நாள் மே மாதத்திலோ ஜூன் மாதத்திலோ விழுவதை அன்பர்கள் கவனித்திருக்கலாம். அவர்கள் யாவரும் அம்மாதங்களில் பிறந்தவரல்லர். ஜூன் மாதத்தில் பள்ளி திறக்கும். ஐந்து வயது நிறைந்தால்தான் முதல் வகுப்பு. ‘எட்டும்படியாகப் போடுங்கள்’ எனத் தந்தை வேண்ட, தலைமையாசிரியரும் குழந்தை படிக்கட்டும் என்ற நல்லெண்ணத்துடன் ஒரு தேதியை எழுதிவிட்டார். அவ்வாறு ஒரு வயது கூட்டி எழுதப்பட்ட மகனுக்கு, 24ஆம் வயதிலேயே, அவன் ஆசிரியர் பயிற்சிப் படிப்பை முடிக்கும் முன்னரே, பிள்ளைகளுக்குரிய ஓய்வூதியம் நின்றதை நாம் கண்டோம். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வந்த பின் தேதியைத் திருத்துவது எளிதன்று. இன்று அங்கன்வாடியும் முன்பருவப் பள்ளியும் வந்துவிட்டமையால் இவ்வழக்கம் அருகி வருகிறது. ஆயினும் ஆதார் அட்டையில் ஒரு தேதி, பள்ளியில் ஒரு தேதி, பிறப்புப் பதிவேட்டில் ஒரு தேதி என்றிருக்கும் பிள்ளைகள் இன்னும் உள்ளனர்.

1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, குழந்தை பிறந்த 21 நாளுக்குள் கட்டணமின்றிப் பதியலாம். அதன் பின் தாமதக் கட்டணமும், 30 நாள் கடந்தால் உரிய அலுவலரின் அனுமதியும் வேண்டும்; ஓராண்டு கடந்தால் வருவாய்க் கோட்டாட்சியர் போன்ற நிர்வாக நடுவரின் உத்தரவின்றிப் பதிய இயலாது. 2023இல் செய்த திருத்தப்படி, அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதலிய பலவற்றிற்கும் பிறப்புச் சான்றே வயதிற்குரிய ஆவணம். ஆகவே இனி எட்டும்படியாகப் போட இடமில்லை.

இதில் இன்னும் ஒரு தடை உண்டு. மருத்துவமனையில் பிறந்த உடனே பதிவு செய்கையில் குழந்தைக்குப் பெயர் இருப்பதில்லை. ஆகவே பெயரில்லாத சான்றையே வீட்டிற்கு எடுத்து வருகின்றனர். பெட்டியில் வைத்துப் பூட்டுகின்றனர். கணக்குத் தொடங்கச் செல்லும் நாளில்தான் அதிற் பெயரில்லை என்பது தெரிகிறது. ஓராண்டுக்குள் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம்; அதன்பின் 15 ஆண்டு வரை கட்டணம் செலுத்திச் சேர்க்கலாம். ஆனால் பிறந்த ஊரின் பதிவாளரிடமே விண்ணப்பிக்க வேண்டும்.

மேற்கூறிய பிழைக்குப் பின் நம் ஒன்றியத்தில் ஒரு சிறு ஏற்பாட்டைச் செய்தோம். அங்கன்வாடிப் பணியாளரிடம் ஆறு வயதிற்குட்பட்ட குழந்தைகளின் பட்டியல் எப்பொழுதும் இருக்கிறது. தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியரிடம் மற்றவர் பட்டியல் உண்டு. இவ்விரண்டிலிருந்தும், அடுத்த ஆறு மாதத்திற்குள் மூன்று வயதோ பத்து வயதோ நிறையும் பெண் குழந்தைகளை மட்டும் ஊர்நல அலுவலர் தனித்தாளில் எழுதிக்கொள்கிறார். பெயர், தாயின் பெயர், பிறந்த ஊர், சான்றில் பெயர் உள்ளதா என்ற நான்கு கலங்களே அத்தாளில் உண்டு. பிறந்த ஊர் என்ற கலத்தைச் சேர்த்தது நமக்குக் கிடைத்த பாடத்தால். கிராம சபையில் பெயரைப் படிப்பதில்லை. வீடு தேடிச் சென்று சொல்கின்றனர்.

முதற்கண் ஓர் ஊராட்சியிலேயே இதனைத் தொடங்கினோம். முதல் தாளில் பத்து வயதை நெருங்கியவர் ஐவர் இருந்தனர். ஒருத்திக்கு முன்னரே கணக்கு இருந்தது. மூவருக்கு அவ்வாரமே அஞ்சலகத்தில் ரூ. 250 கட்டிக் கணக்குத் திறந்தனர். மூவரின் பெற்றோரும் வருமான வரி செலுத்துவோர் அல்லர். ஐந்தாமவளின் சான்றில் பெயரில்லை. பிறந்தது தாயின் ஊரில். அவள் தந்தையிடம் பதிவாளர்க்குரிய விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்து, பேருந்துச் செலவிற்கும் வழி செய்து அனுப்பினோம். அவளுக்குப் பத்து நிறைய அன்று 23 நாள் மிச்சமிருந்தது.